மழை கழுவிய மண்ணுக்கு எவ்வளவு சுண்ணாம்பு?

வால்பாறை மலைத்தோட்டங்களில் அமில நிலச் சீர்திருத்தம்

கடலோரத்தில் பயிர் செய்பவருக்கு மண்ணில் உப்பு தங்குவது தொல்லை. மழை பெய்து அந்த உப்பைக் கழுவிக் கொண்டு போகாதா என்று அவர் காத்திருக்கிறார். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் வயல்களில் கடல் நீர் புகுந்தபோது, வரப்பை உயர்த்தி நன்னீரைத் தேக்கி வடிப்பதும், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவதும், தேவையான இடங்களில் ஜிப்சம் இடுவதுமே நிலத்தை மீட்கும் வழிகளாக இருந்தன. மழையும் அந்த வேலைக்குத் துணை நின்றது.

வால்பாறையில் நிலைமை நேர் எதிரானது. ஆனைமலைத் தொடரில் சுமார் 3,500 அடி உயரத்தில் உள்ள இப்பகுதியில் மழைக்குப் பஞ்சமில்லை. அருகிலுள்ள சின்னக்கல்லாறு, தமிழகத்தில் மிக அதிக மழை பெறும் இடங்களுள் ஒன்று. இங்கு மழை, மண்ணில் இருக்க வேண்டிய சத்துக்களையும் சேர்த்துக் கழுவி விடுகிறது. அதனால் மண் அமிலத்தன்மை அடைகிறது. கடலோரத்தில் கழுவாததால் வரும் கேடு, மலையில் கழுவியதால் வருகிறது.

அமில நிலத்துக்கு மருந்து சுண்ணாம்பு என்பது பலரும் அறிந்ததே. ஆனால் எந்தப் பயிருக்கு, எந்தச் சுண்ணாம்பு, எவ்வளவு என்பதை அறியாமல் இட்டால் நன்மைக்குப் பதில் தீமையே விளையும். ஒரு முறை நட்டால் தலைமுறை கடந்து பலன் தரும் தேயிலைச் செடியில் இந்தத் தவறைச் செய்துவிட்டால், அடுத்த பருவத்தில் திருத்திக் கொள்ள இயலாது.

மண் அமிலமாவது ஏன்?

மண்ணின் துகள்கள் சுண்ணாம்புச்சத்து (கால்சியம்), மக்னீசியம், சாம்பல் சத்து ஆகியவற்றைப் பிடித்து வைத்துள்ளன. தொடர்ந்து பெய்யும் மழைநீர் இவற்றைச் சிறிது சிறிதாகக் கரைத்து, வேருக்கு எட்டாத ஆழத்துக்கும் ஓடைகளுக்கும் கொண்டு போகிறது. காலியான இடத்தை ஹைட்ரஜனும் அலுமினியமும் பிடித்துக் கொள்கின்றன. இவையே மண்ணை அமிலமாக்குகின்றன.

மண்ணின் தன்மையைப் பி.எச். எனப்படும் கார அமில நிலையால் அளக்கிறார்கள். இந்த எண் 7 ஆக இருந்தால் மண் நடுநிலை. 7க்குக் கீழே அமிலம், மேலே காரம். இந்த எண்ணில் 1 குறைந்தால் அமிலத்தன்மை 10 மடங்கு கூடுகிறது. 6 உள்ள மண்ணைவிட 5 உள்ள மண் 10 மடங்கும், 4 உள்ள மண் 100 மடங்கும் அமிலமானது. ஆகவே 5க்கும் 4க்கும் உள்ள வேறுபாட்டைச் சிறியதாக எண்ணலாகாது.

அமிலம் மிகும்போது மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேரின் நுனியைத் தாக்குகிறது. வேர்கள் குட்டையாகத் தடித்து, கிளை விடாமல் நின்று விடும். இடப்படும் மணிச்சத்தை இரும்பும் அலுமினியமும் பிடித்துக் கொள்வதால் பயிருக்கு அது கிட்டுவதில்லை. பீன்ஸ், பட்டாணி போன்ற பயிர்களின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் நலிவதால் காற்றிலுள்ள தழைச்சத்தும் கிடைப்பதில்லை. உர மூட்டைக்குக் கொடுத்த பணத்தில் ஒரு பகுதி மண்ணிலேயே முடங்கி விடுகிறது.

தேயிலை விரும்பும் அமிலம்

அமில நிலம் என்றாலே கெட்ட நிலம் என்று முடிவு செய்துவிடக் கூடாது. தேயிலை அமிலத்தை விரும்பும் பயிர். மற்றப் பயிர்களின் வேரைக் கருக்கும் அலுமினியத்தைத் தேயிலை தன் முதிர்ந்த இலைகளில் சேர்த்து வைத்துக் கொண்டு நலமாக வளர்கிறது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில்தான் அது வாடும். ஆயினும் தேயிலைக்கும் ஓர் எல்லை உண்டு. கார அமில நிலை மிகவும் இறங்கி விட்டால் கால்சியமும் மக்னீசியமும் அற்றுப் போய்ச் செடியின் தெம்பு குறையும். இட்ட உரத்துக்கேற்ற கொழுந்து கிடைக்காது.

மலைத்தோட்டப் பயிர்களுக்கு ஏற்ற கார அமில நிலை பொதுவாகக் கீழ்க்கண்டவாறு கொள்ளப்படுகிறது.

தேயிலை: 4.5 முதல் 5.5 வரை
உருளைக்கிழங்கு: 5.0 முதல் 6.0 வரை
மிளகு, ஏலம்: 5.5 முதல் 6.5 வரை
காப்பி: 6.0 முதல் 6.5 வரை
பீன்ஸ், முட்டைக்கோஸ், காரட்: 6.0 முதல் 7.0 வரை

ஒரே தோட்டத்தில் தேயிலையும், ஓரத்தில் காப்பியும் மிளகும், குடியிருப்பை ஒட்டிக் காய்கறியும் இருக்குமானால், மூன்றுக்கும் ஒரே அளவில் சுண்ணாம்பு தூவுவது எவ்வளவு தவறு என்பது இதிலிருந்தே விளங்கும். கார அமில நிலை 5 உள்ள மண் தேயிலைக்கு மிகவும் உகந்தது. அதே மண்ணில் பீன்ஸ் சரியாக வளராது.

இடப்படும் உரமும் காரணம்

மழை மட்டுமே மண்ணை அமிலமாக்குவதில்லை. தழைச்சத்து உரங்களும் அதில் பங்கு கொள்கின்றன. அம்மோனியம் சல்பேட், யூரியா ஆகியவற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணின் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. கொழுந்துக்காகத் தழைச்சத்தை ஆண்டுதோறும் பல தவணைகளில் இடும் தேயிலைத் தோட்டங்களில் இது கவனிக்கத்தக்கது.

100 கிலோ அம்மோனியம் சல்பேட் உண்டாக்கும் அமிலத்தை முறிக்கச் சுமார் 110 கிலோ தூய சுண்ணாம்புக்கல் தூளும், 100 கிலோ யூரியாவுக்குச் சுமார் 80 கிலோவும் தேவை என்பது வழக்கமான கணக்கு. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்று தோன்றும். ஆனால் அம்மோனியம் சல்பேட்டில் தழைச்சத்து 20.6 சதம், யூரியாவில் 46 சதம். 100 கிலோ தழைச்சத்துக்கு 485 கிலோ அம்மோனியம் சல்பேட் வேண்டும். அதன் அமிலத்தை முறிக்க 534 கிலோ சுண்ணாம்புக்கல் தூள் வேண்டும். அதே தழைச்சத்தை 217 கிலோ யூரியாவாகக் கொடுத்தால் 174 கிலோ போதும். ஏற்கெனவே அமிலம் மிகுந்த நிலத்தில் உரத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே இக்கணக்கையும் பார்ப்பது நல்லது. மேலும், தேவைக்கு மேல் இடும் தழைச்சத்து மழையில் நைட்ரேட்டாகக் கரைந்து போகும்போது, கால்சியத்தையும் உடன் இழுத்துச் செல்கிறது.

கண்ணால் பார்த்து அறிய முடியுமா?

மண்ணில் பெரணிச் செடிகள் அடர்ந்து வளர்வது அமிலத்துக்கு ஓர் அடையாளம். மலைப்பகுதி வீடுகளின் முன் வளரும் ஹைட்ரேஞ்சியா செடி, அமில மண்ணில் நீலப் பூவும், காரம் கூடிய மண்ணில் இளஞ்சிவப்புப் பூவும் பூக்கும். முதிர்ந்த இலைகளில் நரம்புகள் பச்சையாக இருக்க, இடைப்பகுதி மஞ்சளானால் மக்னீசியக் குறைவு என ஐயுறலாம். முட்டைக்கோசின் வேர்கள் வீங்கிப் பருக்கும் ‘கிளப் ரூட்’ நோயும் அமில மண்ணில் மிகும்.

ஆனால் இவற்றை வைத்துச் சுண்ணாம்பின் அளவை முடிவு செய்ய முடியாது. இலை மஞ்சளாவதற்கு வேறு பத்துக் காரணங்கள் இருக்கலாம். சாம்பல் சத்தை அளவுக்கு மீறி இட்டாலும் மக்னீசியக் குறைவு தோன்றும். ஆகவே மண் பரிசோதனையே சரியான வழி.

மண் மாதிரி எடுக்கும் முறை

சரிவு நிலத்தில் மேட்டுப் பகுதி, நடுப்பகுதி, பள்ளத்தாக்குப் பகுதி மூன்றிலும் மண் ஒன்றாக இராது. இவற்றைத் தனித்தனியே பிரித்து மாதிரி எடுக்க வேண்டும். உரம் இட்டு இரண்டு மாதங்களாவது கழிந்திருக்க வேண்டும். நடைபாதை, எருக்குழி, சாம்பல் கொட்டிய இடம், நிழல் மரத்தின் அடி ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும்.

ஒவ்வொரு பகுதியிலும் 10 முதல் 15 இடங்களைத் தேர்ந்தெடுத்து, மேலே கிடக்கும் சருகை விலக்கி, மண்வெட்டியால் ஆங்கில எழுத்து ‘வி’ வடிவில் குழி வெட்ட வேண்டும். குழியின் பக்கத்தில் மேலிருந்து கீழ் வரை ஒரே கனத்தில் மண்ணைச் சீவி எடுக்க வேண்டும். காய்கறிப் பயிருக்கு 15 செ.மீ. ஆழமும், தேயிலைக்குச் சுமார் 23 செ.மீ. ஆழமும் போதும். தேயிலையில் அடிமண்ணின் நிலையையும் அறிய விரும்பினால், அடுத்த 23 செ.மீ. மண்ணைத் தனியாக எடுக்கலாம். எடுத்த மண்ணை ஒன்றாகக் கலந்து பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பகுதிகள் இரண்டை நீக்கி, அரைக் கிலோ மீதமாகும் வரை இவ்வாறே செய்து, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கட்ட வேண்டும். பெயர், இடம், பயிர், முன்பு இட்ட உரம், சுண்ணாம்பு ஆகிய விவரங்களைத் தாளில் எழுதிப் பையில் வைக்க வேண்டும். உரச்சாக்கில் மண்ணைக் கட்டி அனுப்பினால் பரிசோதனையே பொய்த்துவிடும்.

தேயிலைக்கு வால்பாறை நீராறு அணை அருகிலுள்ள உபாசி தேயிலை ஆராய்ச்சி நிலையம் வழிகாட்டி வருகிறது. மற்றப் பயிர்களுக்கு வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தையும், கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தையும் அணுகலாம்.

முடிவு வந்ததும் கார அமில நிலையை மட்டும் பார்த்து நின்று விடக் கூடாது. ‘சுண்ணாம்புத் தேவை’ எவ்வளவு என்றும் கேட்டறிய வேண்டும். இரு நிலங்களிலும் எண் 5 ஆகவே இருந்தாலும், மணற்பாங்கான மண்ணுக்குக் குறைவாகவும், மக்கு நிறைந்த களிமண்ணுக்கு அதிகமாகவும் சுண்ணாம்பு தேவைப்படும். பக்கத்துத் தோட்டத்தில் இட்ட அளவைப் பார்த்து இடுவது இதனால்தான் பொருந்துவதில்லை.

சுண்ணாம்பில் எது நல்லது?

அமிலத்தை முறிக்கும் திறனில் தூய சுண்ணாம்புக்கல் தூளை 100 என்று கொண்டால், தூய டோலமைட் 109, நீற்றிய சுண்ணாம்பு 135, சுட்ட சுண்ணாம்பு 179 என்று கணக்கிடப்பட்டுள்ளது. கடற்கரையில் கிடைக்கும் கிளிஞ்சலைச் சுடாமல் தூளாக்கினாலும் அது சுண்ணாம்புக்கல் தூளுக்கு ஒப்பாகும்.

எண் பெரியது என்பதற்காகச் சுட்ட சுண்ணாம்பை நாடுவது உசிதமல்ல. அது ஈரம் பட்டதும் கொதிக்கும். தூவும் தொழிலாளரின் கண்ணையும் தோலையும் புண்ணாக்கும். செடியின் மீது பட்டால் கருக்கும். மழையால் மக்னீசியமும் அரிக்கப்பட்ட மலை மண்ணுக்கு, கால்சியம், மக்னீசியம் இரண்டையும் தரும் டோலமைட் மிகவும் ஏற்றது. வாங்கும்போது தூளின் நயத்தைக் கவனிக்க வேண்டும். குருணையாக உள்ள சுண்ணாம்புக்கல் மண்ணில் ஆண்டுக்கணக்கில் கரையாமல் கிடக்கும். மாவு போன்ற தூளே விரைவில் வேலை செய்யும்.

பரிசோதனை நிலையம் ஏக்கருக்கு 1,000 கிலோ தூய சுண்ணாம்புக்கல் தூள் தேவை எனக் கூறியதாக வைத்துக் கொள்வோம். கடையில் கிடைக்கும் தூளின் திறன் 80 சதம் என்றால் 1,250 கிலோ இட வேண்டும். தூய நீற்றிய சுண்ணாம்பானால் 740 கிலோ போதும். விலையை ஒப்பிடும்போதும் மூட்டை விலையைப் பாராமல் இந்தத் திறனைக் கொண்டே ஒப்பிட வேண்டும்.

ஜிப்சம் சுண்ணாம்பாகாது

ஜிப்சமும் வெள்ளைத் தூள்தான். அதிலும் கால்சியம் உள்ளது. ஆனால் அது அமிலத்தை முறிக்காது. சோடியம் மிகுந்து இறுகிய களர் நிலத்தைத் திருத்துவதற்கு உரியது அது. ஜிப்சத்திலுள்ள கால்சியம் மண்ணில் ஒட்டியுள்ள சோடியத்தை வெளியேற்றும். பிறகு நல்ல நீரைத் தேக்கி வடித்தால் சோடியம் நீங்கும்.

மலையில் நீராறு, சோலையாறு ஆகியவற்றில் தேங்கும் நீர், பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தின் மூலம் கீழே கொங்குச் சமவெளியின் பாசனத்துக்கு உதவுகிறது. அங்கே மழை குறைவு. மண்ணில் சுண்ணாம்பு கலந்த நிலங்கள் பல. வடிகால் இல்லாமலும் உப்பான கிணற்று நீரைக் கொண்டும் பாய்ச்சினால் உவரும் களரும் தோன்றும். உவர் நிலத்துக்கு வடிகாலும் நன்னீரும், களர் நிலத்துக்கு ஜிப்சமும், அமில நிலத்துக்குச் சுண்ணாம்பும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். சமவெளியில் கண்ட வைத்தியத்தை அப்படியே மலைக்குக் கொண்டு வந்தால் பணம்தான் வீணாகும். மலையில் கண்டதைச் சமவெளிக்குக் கொண்டு போய், காரம் மிகுந்த நிலத்தில் சுண்ணாம்பு இட்டால் கேடு மேலும் வளரும்.

மலை என்றால் அமிலம், கடலோரம் என்றால் உவர் என்று பொதுவாகவும் முடிவு கட்டலாகாது. ஆனைமலைக்குத் தென்மேற்கே, கேரளத்தின் கடலோரத்தில் உள்ள குட்டநாட்டு நெல் வயல்களில் மிகக் கடுமையான அமில மண்ணும் உண்டு. அங்கும் நெல்லுக்குச் சுண்ணாம்பு இடுகிறார்கள்.

இடும் காலமும் முறையும்

தேயிலையில் ஆண்டுதோறும் சுண்ணாம்பு இடத் தேவையில்லை. கவாத்துச் சுற்றுக்கு ஒரு முறை, கவாத்தை ஒட்டி, மண் பரிசோதனை கூறும் அளவில் இட்டால் போதும். அளவு அதிகமானால் இரண்டாகப் பிரித்து இடலாம். மண்ணில் ஈரம் இருக்க வேண்டும். ஆனால் கனமழை கொட்டும் காலமாக இருக்கக் கூடாது. சரிவில் தூவிய தூள் மறுநாளே ஓடைக்குப் போய்விட்டால் பயனில்லை. ஓர் இடத்தில் குவியாமல் வரிசைகளுக்கு இடையே சீராகத் தூவ வேண்டும்.

காய்கறி நிலத்தில் விதைப்பதற்கு நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு முன் தூவி, மேல் மண்ணுடன் நன்கு கலந்து கொத்தி விட வேண்டும். சுண்ணாம்பு மெல்லவே கரையும் பொருள். மேலே தூவி விட்டால் மேல் அங்குலம் மட்டும் திருந்தும். வேருள்ள இடம் அப்படியே இருக்கும்.

சுண்ணாம்பையும் அம்மோனியா உரங்களையும் சேர்த்து இடவே கூடாது. தழைச்சத்து ஆவியாகிப் போய்விடும். இரண்டுக்கும் இடையே ஒரு மாதமாவது இருக்க வேண்டும். ராக் பாஸ்பேட்டையும் சுண்ணாம்புடன் கலக்கக் கூடாது. அந்த உரம் கரைவதற்கு மண்ணின் அமிலமே உதவுகிறது. அமில நிலத்துக்கு சூப்பர் பாஸ்பேட்டைவிட ராக் பாஸ்பேட் சிக்கனமாக இருப்பதும் இதனால்தான்.

தூவும் தொழிலாளர்கள் மூக்கையும் வாயையும் துணியால் மறைத்து, காற்று வீசும் திசைக்கு முதுகு காட்டி நடக்க வேண்டும். கண்ணில் பட்டால் கசக்காமல் உடனே நிறைய நீரால் கழுவி மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

மிகுந்தால் கேடு

சுண்ணாம்பு மிகுந்தால் இரும்பு, மாங்கனீசு, துத்தநாகம், போரான் ஆகிய நுண்சத்துக்கள் கிடைக்காமல் போகும். உருளைக்கிழங்கில் சொறி நோய் கூடும். தேயிலையில் இளஞ்செடிகளே முதலில் வெளுத்து நலியும்.

ஆப்பிரிக்காவில் கென்யா, மலாவி நாடுகளின் அனுபவம் இங்கு நினைக்கத்தக்கது. பழைய குடிசைகள் இருந்த இடங்களைத் திருத்தித் தேயிலை நட்டபோது, சுற்றிலும் செடிகள் செழிக்க, அந்த இடங்களில் மட்டும் திட்டுத்திட்டாக நலிந்தன. பல ஆண்டுகள் கொட்டிய அடுப்புச் சாம்பலே காரணம். சாம்பல் மண்ணைக் காரமாக்கும். அத்தகைய மண்ணைக் கந்தகம் இட்டு மீண்டும் அமிலமாக்க வேண்டியதாயிற்று. வால்பாறையிலும் பழைய லயன் குடியிருப்புகளை இடித்த இடத்திலோ, சாம்பல் கொட்டிய இடத்திலோ தேயிலை நடுவதற்கு முன், அந்த மண்ணைத் தனியாகப் பரிசோதிப்பது அவசியம்.

அதே சாம்பலை வீணாக்கவும் வேண்டியதில்லை. லயன் வீடுகளை ஒட்டிக் கீரையும் பீன்ஸும் போடும் தொழிலாளர் குடும்பங்கள், விறகுச் சாம்பலைச் சிறிது சிறிதாக எருவுடன் கலந்து இட்டால், காசு செலவின்றிச் சுண்ணாம்புச்சத்தும் சாம்பல் சத்தும் கிடைக்கும். தேயிலைக்கு நஞ்சாவது காய்கறிக்கு உரமாகிறது.

சுண்ணாம்புச் செலவைக் குறைக்க

கவாத்து செய்த கிளைகளையும் இலைகளையும் வெளியே கொண்டு போகாமல் அங்கேயே பரப்பி விடுவது நல்லது. செடி மண்ணிலிருந்து எடுத்த சத்து மண்ணுக்கே திரும்பும்; மழைத்துளி மண்ணை அரிப்பதும் குறையும். தொழுவுரமும் மக்கிய தழையும் கேடு செய்யும் அலுமினியத்தைப் பிடித்து வைத்துக் கொள்வதால், காய்கறிப் பயிர்களுக்கு அவை பெரிதும் உதவும். தழைச்சத்தை ஒரே சமயத்தில் கொட்டாமல் தவணைகளாகப் பிரித்து இட வேண்டும். சரிவுக்குக் குறுக்கே சம உயர வரிசையில் பயிரிட்டு, வடிகால்களைச் செப்பனிட்டு வைத்தால், இட்ட சுண்ணாம்பு இட்ட இடத்திலேயே தங்கும்.

இவ்வளவு செய்தும் பீன்ஸுக்கு உகந்த நிலைக்கு மண்ணைக் கொண்டு வரச் செலவு மிகுமானால், அமிலத்தைத் தாங்கும் பயிரைத் தேர்ந்தெடுப்பதே புத்திசாலித்தனம். அன்னாசி, மரவள்ளி, சர்க்கரைவள்ளி ஆகியவை அமில மண்ணிலும் ஓரளவு நன்றாக வரும்.

வால்பாறையின் மழையை யாராலும் குறைக்க முடியாது, குறையவும் வேண்டியதில்லை. அந்த மழைதான் கீழேயுள்ள சமவெளியின் வயல்களையும் வாழ வைக்கிறது. மழை கொண்டு போனதில் எவ்வளவைத் திருப்பித் தர வேண்டும் என்பதை மட்டும் மண்ணைக் கேட்டு அறிந்து கொள்ள வேண்டும். அரைக் கிலோ மண்ணைத் துணிப்பையில் கட்டிப் பரிசோதனைக்கு அனுப்பாமல், டன் கணக்கில் சுண்ணாம்பைத் தூவுவது கண்ணைக் கட்டிக் கொண்டு மலைப்பாதையில் இறங்குவதற்கு ஒப்பாகும். அடுத்த கவாத்துக்கு முன் மண் மாதிரியை எடுத்து அனுப்புவதே இவ்வேலையில் முதற்படி.